சென்டு போட்ட மாப்பிள்ளை

மருமவனே, ஒன் அறை ஜன்னல்ல வரிசையா கண்ணாடிச் சாடி வச்சிருக்கியே, ஒங்கம்மை அதையெல்லாம் ஊறுகான்னு நெனச்சு தெருவுல பெருமையடிச்சுக்கிட்டுத் திரியுதா. "பெங்களூர்ல வேலை பாத்தாலும் பயலுக்கு எங்க அம்மை கைப்பக்குவம்லா வந்திருக்கு"ங்கா. நான் வாயைத் தொறக்கல. ஒண்ணுல நாரத்தந்தோலு, ஒண்ணுல சீனி மொளகா, ஒண்ணுல சங்குப்பூ. மூணும் மொதக்கது வோட்காவுல. தாய்மாமன்னா நாலு ரகசியத்தைக் காப்பாத்தத்தான் செய்யணும். அதுக்குக் கூலியா நான் சொல்லுததைக் காது குடுத்துக் கேட்டுட்டுப் போ.

"இன்ஃப்யூஷன் மாமா, இப்ப இதுதான் மவுசு"ன்னு நீ சொன்னப்பமே எனக்குச் சிரிப்பு வந்துட்டு. ஏலே, நான் கப்பல் சமையக்கட்டுல கரண்டி புடிச்சவன். எந்தத் துறைமுகத்துல எவன் எதை எதுல ஊறப்போடுதான்னு பாத்தவன். கரையேறுன பொறவு நம்மூரு நூலகத்துல, ஓசிக் காத்தாடிக்கு அடியில ஒக்காந்து மிச்சத்தைப் படிச்சவன். ஒங்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேக்கேன். மாப்பிள்ளை லட்சணமா இருந்தா, தரகன் எதுக்குலே அவன் மேல இம்புட்டு சென்டு அடிச்சுக் கூட்டியாரான்?

இதுக்குப் பதில் வேணும்னா லண்டனுக்குப் போவணும்.

ஜின்னுன்னா என்ன? தானியச் சாராயத்துல ஜூனிபர்னு ஒரு முள்ளுச்செடிக் காயை வாசனைக்குப் போட்டது. அம்புட்டுதான். மொதல்ல டச்சுக்காரன் ஜெனீவர்னு பேரு வச்சு மருந்தாக் குடிச்சான். ராட்டர்டாமை ஒட்டி ஸ்கீடாம்னு ஒரு ஊரு. அங்கன நிக்கிற காத்தாலைகளை அண்ணாந்து பாத்தா கழுத்து சுளுக்கிரும். பழங்காலத்துக் காத்தாலையில ஒலகத்துலயே அதுதான் ஒசரம்பாவ. ரொட்டிக்கு மாவரைக்க அம்புட்டு ஒசரமா கட்டல மருமவனே, ஜெனீவர் காய்ச்சுத தானியத்தை அரைக்கக் கட்டுனது. அந்தச் சீமையில இருந்து வில்லியம் 1689ல இங்கிலாந்துக்கு ராசாவாப் போனான். பிரெஞ்சுக்காரன் எதிரி, அவன் பிராந்திக்குத் தடை. உள்ளூர்ல எவன் வேணும்னாலும் காய்ச்சிக்கோன்னு சட்டம். பொறவு என்ன, ஏழை பாழை எல்லாம் தெருவுல கெடந்துச்சு.

இனிமேதான் கூத்து. 1729ல பார்லிமெண்டு ஒரு சட்டம் போட்டுச்சு. ஜூனிபரோ வேற சரக்கோ சேத்து வாசனையேத்துன சாராயத்துக்குத் தனி வரி. கேட்டியா, சாராயத்துக்கு இல்ல, சாராயத்துல இருக்குத வாசனைக்கு! காய்ச்சுதவன் என்ன செஞ்சான்? ஜூனிபரைத் தூக்கி வெளிய போட்டுட்டான். வாசனையே இல்லாத மொட்டைச் சாராயத்தை வித்தான். வரி கட்ட வேண்டியதில்லை. ஜனங்க அதுக்கு "பார்லிமெண்டு பிராந்தி"ன்னு பேரு வச்சுக் குடிச்சாவ. சட்டம் போட்டவனுக்கு இதைவிடப் பெரிய மாலை எவனாவது போட முடியுமா? 1733ல சட்டத்தைச் சுருட்டி வச்சுட்டாவ.

வெக்கம் இருந்தா அத்தோட விட்டுருக்கணும். 1736ல திரும்பவும் வந்தாவ. சில்லறையில விக்கணும்னா வருசத்துக்கு 50 பவுண்டு கட்டி லைசென்சு எடுக்கணுமாம். அந்தக் காலத்து 50 பவுண்டுக்குப் பொட்டிக்கடைக்காரன் எங்க போவான்? சட்டம் அமலுக்கு வந்த அன்னைக்கு குடிகாரங்க ஜின்னுக்குப் பாடை கட்டி, துக்கம் கொண்டாடி ஊர்வலம் போனாவ. போயிட்டு வந்து, குடிச்சாவ. விக்கதவனைக் காட்டிக் குடுத்தா பணம்னு சர்க்கார் சொன்னதால, தெருவுக்குத் தெரு ஒற்றன் மொளைச்சான்.

அந்த ஒற்றன்கள்ல ஒருத்தன்தான் டட்லி பிராட்ஸ்ட்ரீட். எமகாதகன். சட்டத்தை வரி வரியா படிச்சான். வீட்டை வாடகைக்கு எடுத்தவன் பேரு தெரியலன்னா வழக்குப் போட முடியாதுன்னு ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சான். ப்ளூ ஆங்கர் சந்துல வேறொருத்தனை விட்டு ஒரு வீட்டைப் புடிச்சான். ஜன்னல்ல ஒரு பூனைப் படத்தை அடிச்சு வச்சான். பூனை வாயில காசு போட ஓட்டை, காலுக்கு அடியில ஈயக்குழாய். தெருவுல நிக்கிறவன் காசைப் போட்டு, "பூனையே, ரெண்டு பென்னிக்கு ஜின் குடு"ம்பான். உள்ள ஒக்காந்திருக்கவன் குழாயில ஊத்துவான். விக்கதவன் மொகம் வாங்குதவனுக்குத் தெரியாது, வாங்குதவன் மொகம் விக்கதவனுக்குத் தெரியாது. பொறவு அவனே இதையெல்லாம் சுயசரிதையா எழுதி வேற வித்திருக்கான். 2023ல கோயம்பேட்டுல ஒரு மால் கடையில காசு போட்டா பாட்டில் தள்ளுத மிசினை வச்சப்ப, நாடு கெட்டுப்போச்சுன்னு எல்லாரும் கூச்சல் போட்டாவல்லா, எனக்கு அந்தப் பூனை ஞாபகந்தான் வந்துச்சு.

சரி, அந்தக் குழாயில வந்தது என்ன சரக்கு? அந்தக் காலத்து மட்ட ஜின்னுல டர்பெண்டைனும் கந்தக அமிலமும் கலந்தாவ. நம்ம பெயிண்டர் பிரஷ் கழுவுத அதே டர்பெண்டைன்தான். அதுவும் பைன் மரத்துச் சரக்கு, ஜூனிபர் வாசனைக்குப் பங்காளி. மூக்கை ஏமாத்த அது போதும். ஹோகார்த்துன்னு ஒரு ஓவியன் 1751ல "ஜின் சந்து"ன்னு ஒரு படம் போட்டான். கையில இருக்குத புள்ளை படியில இருந்து தலைகீழா விழுது, தாய்க்காரி மூக்குப்பொடி எடுத்துக்கிட்டு இருக்கா. சோத்து நேரத்துல பாக்காத. அதே வருசம் வந்த சட்டந்தான் ஓரளவுக்கு லகானைப் புடிச்சது. தானிய வெலை ஏறுனதும் சேந்துக்கிட்டுன்னு வையி.

இப்பம் ஒரு பாட்டிலு இத்தனை ஆயிரம்னு அந்த ஜின்னைத்தான் நீ வாங்கிட்டு வந்து, லேபிள்ல இருக்குத மூலிகைப் பேரையெல்லாம் ஸ்லோகம் சொல்லுத கணக்கா எனக்குப் படிச்சுக் காட்டுன. நல்லாத்தான் இருந்துச்சு, இல்லைங்கல. இப்பம் காய்ச்சுதவன் அடிச் சாராயத்தைச் சுத்தமா எடுக்கான், வாசனையை அளந்து சேக்கான். ஐரோப்பாவுல 37.5 சதவீதத்துக்குக் கொறஞ்சா ஜின்னுன்னு லேபிளே ஒட்ட முடியாது. மாப்பிள்ளை குளிச்சுட்டு வந்துதான் சென்டு போட்டிருக்கான். ஆனா எல்லா மாப்பிள்ளையும் குளிக்கதில்ல.

அதுக்குச் சாட்சி இஞ்சி. எந்த வீட்டுலயும் இருக்குத அதே இஞ்சிதான்.

நம்ம பக்கம் மதுவிலக்கு 1937ல சேலத்துல ராஜாஜி ஆரம்பிச்சது. கடையை மூடுனாவ, தாகத்தை மூட முடியல. மருந்துக்கடை அலமாரியில இஞ்சி டிங்சர் இருந்துச்சு. ஊருல திடீர்னு எல்லாவனுக்கும் அஜீரணம் வந்துட்டு. பம்பாய்ல பல்சாராங்கவரு கோர்ட்டுக்கே போனாரு. விஸ்கி, பிராந்தியோட சேத்து, மருந்து ஒயினு, ஓ-டி-கோலோன் எல்லாத்தையும் வச்சுக்க உரிமை வேணும்னு கேட்டாரு. 1951ல உச்ச நீதிமன்றம் மதுவிலக்கு செல்லும், ஆனா ஆல்கஹால் கலந்த மருந்துக்கும் வாசனைத் திரவியத்துக்கும் போட்ட தடை செல்லாதுன்னுட்டு. வாசனைக்கு உச்ச நீதிமன்றத்துலயே ஜாமீன் கெடைச்சிருக்கு மருமவனே, லேசா நெனைக்காத.

இதே இஞ்சி அமெரிக்காவுல செஞ்ச வேலையைக் கேட்டா நீ சிரிக்க மாட்ட. அங்கன 1920ல இருந்து 1933 வரைக்கும் மதுவிலக்கு. ஜமைக்கா இஞ்சின்னு ஒரு வயித்துவலி மருந்து, சின்னச் சீசா, உள்ள பெரும்பாலும் ஆல்கஹால். சர்க்காருக்கும் வெவரம் தெரியும். அதனால இஞ்சிச் சக்கையை அம்புட்டு கூடுதலா சேத்தாத்தான் விக்கலாம், கசப்புல எவனும் குடிக்க மாட்டான்னு விதி வச்சாவ. ஆபீசர் வந்தா மருந்தைக் கொதிக்க வச்சு, ஆவி போன பொறவு அடியில தங்குத சக்கையை எடை போடுவான். பாஸ்டன்ல ரெண்டு பேரு யோசிச்சானுவ. சக்கை எடையும் இருக்கணும், கசப்பும் இருக்கக் கூடாது, வெலையும் கொறைவா இருக்கணும். பிளாஸ்டிக்கை மெதுவாக்கச் சேக்குத ஒரு ரசாயன எண்ணெயைக் கலந்தானுவ. ருசி இல்ல, மணம் இல்ல, எடை இருந்துச்சு. ஆபீசர் தராசு சரின்னுட்டு. 1930ல ஊரு ஊரா ஆளுக காலு வெளங்காமப் போச்சு. பாதம் தொங்கி, தரையில பட்டுப் பட்டு நடந்தாவ. ஆயிரக்கணக்குல இல்ல, பல்லாயிரக்கணக்குல. முக்காவாசி ஏழைக. அந்த நடையைப் பத்தி அமெரிக்கக் கறுப்பர்க பாட்டே கட்டியிருக்காவ. கலந்தவனுகளுக்குக் கெடைச்ச தண்டனையைச் சொன்னா ஒனக்குக் கோவம் வரும். வேண்டாம்.

இஞ்சி வாசனை அம்சமாத்தான் இருந்திருக்கு. அதனாலதான் கேக்கேன், மூக்கை நம்பி முழுங்கலாமா? மெத்தனாலுக்கும் நல்ல சாராயத்துக்கும் மூக்குல வித்தியாசம் தெரியாது. 2024ல கள்ளக்குறிச்சியில அறுவதுக்கு மேல உசுரு போச்சு. இதுல எனக்கு நையாண்டி வரல, அடுத்ததுக்குப் போவோம்.

வாசனையை நான் ஒரேயடியா வையுதேன்னு நெனைக்காத. சில சமயம் பாவம், பழி அது மேல விழும். அப்சிந்துன்னு பச்சையா ஒரு சரக்கு. சுவிட்சர்லாந்துக்காரன் கண்டது, பிரெஞ்சுக்காரன் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடுனது. நம்ம மாசிபத்திரிக்கு ஒண்ணுவிட்ட சொந்தமான ஒரு செடியையும் சோம்பையும் போட்டுக் காய்ச்சுதது. 1905ல சுவிட்சர்லாந்துல ஒருத்தன் குடிச்சுட்டுப் பெஞ்சாதி புள்ளைகளைச் சுட்டுக் கொன்னுட்டான். அன்னைக்கு அவன் ஒயினு குடிச்சிருக்கான், பிராந்தி குடிச்சிருக்கான், மொடாக் கணக்குல. அதுல அப்சிந்து ரெண்டே கிளாஸ். பேப்பர்ல எது வந்துச்சு? அந்த ரெண்டு கிளாஸ்தான். ஒயினு ஊருக்கே சோறு போடுத தொழிலு, அது மேல கைவைப்பானா? ஓட்டெடுப்பு வச்சு 1910ல அப்சிந்தைத் தடை பண்ணுனாவ. பிரான்சு 1915ல. சுவிட்சர்லாந்துல அந்தத் தடை நீங்க 2005 ஆச்சு. நூறு வருசம் கிட்ட ஜெயில்ல கெடந்துட்டு வந்திருக்கு.

ஆனா அதே அப்சிந்து வாசனை ஒரு தடவை உண்மையும் சொல்லியிருக்கு. 1901 ஆகஸ்டுல பிரான்சு நாட்டுல பொந்தார்லியேங்கிற ஊர்ல பெர்னோ கம்பெனி மேல இடி விழுந்து தீப்புடிச்சுட்டு. தொட்டி வெடிச்சுரக் கூடாதேன்னு திறந்து விட்டாவ. லட்சக்கணக்கான லிட்டர் பக்கத்து டூ ஆத்துல போய் விழுந்துச்சு. கொஞ்ச நாள்ல, மலைக்கு அந்தப் பக்கம் லூன்னு வேறொரு ஆறு ஊத்தெடுக்குத எடத்துல அதே சோம்பு வாசனை! ரெண்டு ஆத்துக்கும் பூமிக்கு அடியில தொடர்பு இருக்குங்குத சங்கதி அப்பத்தான் வெளிய வந்துச்சு. படிச்ச பெரிய மனுசங்க கண்டுபிடிக்காததை சாராயம் கண்டுபிடிச்சுக் குடுத்துட்டு. இதை ஒங்கம்மைகிட்ட ஒனக்கு ஆதரவா எடுத்து விட்டுராத, வேலைக்காவாது.

நார்வேக்காரன் கதை தெரியுமா? சீரகத்துக்குச் சொந்தக்கார விதை ஒண்ணைப் போட்டு அக்வாவிட்னு காய்ச்சுவான். 1805ல பீப்பாய் பீப்பாயா படேவியாவுக்கு, அதான் இப்பத்தைய ஜகார்த்தா, கப்பல்ல அனுப்புனான். அங்கன ஒருத்தனும் சீந்தல. திரும்பி ஊருக்கே வந்துட்டு. தொறந்து பாத்தா போனதைவிட ருசி. பீப்பாய்லயே குலுங்கிக் குலுங்கி, வெயில்லயும் குளுர்லயும் கெடந்து பக்குவப்பட்டிருக்கு. இன்னைக்கும் பூமத்திய ரேகையை ரெண்டு தடவை தாண்டுன சரக்குன்னு லேபிள் ஒட்டி விக்கான். நானுந்தான் தாண்டுனேன். எனக்கு எவன் வெலை ஏத்துனான்?

பிரான்சுல ஷார்த்ரூஸ் சாமியாருக இருக்காவ. 1605ல கையில கெடைச்ச ஒரு ஓலையை வச்சுக்கிட்டு, 130 மூலிகை போட்டு பச்சைச் சரக்கு ஒண்ணு எடுக்காவ, 55 சதவீதம். செய்முறை ரெண்டு மூணு சாமியாருக்குத்தான் தெரியும், அவிகளும் பேசா விரதக்காரங்க. ரகசியம் எப்படி வெளிய வரும்? இப்பம் கொஞ்ச வருசத்துக்கு முன்னால, ஒலகம் பூரா கிராக்கி ஏறுன நேரம் பாத்து, "இதுக்கு மேல கூடுதலா காய்ச்ச மாட்டோம், எங்களுக்கு ஜெபம் இருக்கு"ன்னுட்டாவ. ஏவாரத்துல நான் கையெடுத்துக் கும்புட்ட ஆளுக அவிகதான்.

இனி ஒன் சாடிக்கு வாரேன். ஊறப்போடுததுன்னா தூக்கிப் போட்டு மூடி வைக்கதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்க. மொளகாக் காரம் தண்ணியில கரையாது, சாராயத்துல நல்லாக் கரையும். அரை நாள் போட்டு மோந்து பாத்து எடுத்துரணும். நீ போன வாரம் போட்டது இன்னும் கெடக்கு. அதை எவன் வாயில ஊத்தப் போற? நாரத்தந்தோலுல மேல் தோலை மட்டும் சீவணும், உள்ள இருக்குத வெள்ளை ஒட்டுனா கசப்பு சேந்து எறங்கும். இத்தாலியில சொரெண்டோ பக்கம் எலுமிச்சந்தோலுல லிமோன்செல்லோ போடுத கெழவிக கத்தி புடிக்கதைப் பாக்கணும், தோலு காத்துல பறக்கும். பட்டையை ரொம்ப நாள் விட்டா மரத்தூளைக் குடிக்கதுக்குச் சமம். சங்குப்பூ? நீலத்துல எலுமிச்சை புழிஞ்சதும் ஊதாவாகுது, ஒன் சேக்காளிக கைதட்டுதானுவ, சரி. அதுக்கு வாசனை உண்டா, ருசி உண்டா? கண்ணுக்குக் குடிக்கதுக்கா அம்புட்டு செலவு?

கண்ட வேரையும் கிழங்கையும் போட்டுப் பாக்கவும் செய்யாத. தண்ணியில எறங்காத வெசமும் சாராயத்துல எறங்கும். செங்காந்தள் பூ அழகாத்தான் இருக்கும், கிழங்கு ஆளை முடிச்சிரும். டானிக்கு வாட்டர் நானே போடுதேன்னு சின்கோனாப் பட்டையை வாங்கி ஊறப்போட்டு, அளவு மீறி, காது ரீங்காரம் புடிச்சுத் திரிஞ்சவனுக உண்டு. முக்கியமா, காய்ச்ச மட்டும் எறங்கிராத. வாங்குன பாட்டிலுல தோலைப் போடுதது வரைக்கும் ஒன் பைத்தியம். அடுப்பை மூட்டிட்டா அது போலீசுக்காரன் சமாச்சாரம்.

இன்னொண்ணு. கடையில விக்குத மாம்பழ வோட்கா, கொய்யா வோட்கான்னு வாங்கியாந்து "இது லைட்டு மாமா"ங்க. லேபிளைத் திருப்பிப் பாரு. பெருவாரி 42.8னு போட்டிருக்கும், ஒங்க தாத்தா குடிச்ச ரம்முக்கும் அதே எண்ணுதான். மாம்பழம் லேசாக்கல, நாக்கை மயக்கியிருக்கு. அதுல சீனியும் சேந்துட்டா ஏறுததே தெரியாது. ஒன் கல்யாணத்துக்குத் துணைமாப்பிள்ளையா வந்தவன் மேடையில எதை மொய்யா வச்சான்னு ஊருக்கே தெரியும், அன்னைக்கு அவன் குடிச்சது கொய்யாதான்.

வாசனை ஒழுங்கா உக்காந்த சரக்கு எங்க இருக்குன்னு கேட்டா, ரொம்பத் தூரம் போவ வேண்டாம். நம்ம நாட்டுப் பட்டைச் சாராயத்துக்கு வெள்வேலம் பட்டை போட்டது சும்மா மணத்துக்கு மட்டும் இல்ல. பட்டையில இருக்குத துவர்ப்பு வெல்லக் கரைசல்ல, பனஞ்சாறுல இருக்குத அழுக்கைத் திரட்டி அடியில தள்ளும். வேலைக்கு வந்த பட்டை, வாசனையைக் கூடவே கொண்டு வந்துச்சு. காய்ச்சுதது சட்டப்படி தப்பு, அது வேற கணக்கு. ஆனா அந்தப் பட்டை எதையும் மறைக்க வரல.

கோவாவுக்குப் போனாலும் இதே சங்கதிதான். முந்திரிப் பழத்தை மிதிச்சு சாறெடுத்துப் புளிக்க வச்சு ஃபெனி காய்ச்சுவாவ. 2009ல புவிசார் குறியீடு வாங்குன சரக்கு. மோந்தா மூஞ்சியைச் சுளிப்ப, அம்புட்டு நெடி. அந்த நெடியை மறைக்காம, அதுலயே ஒரு வேரை ஊறப்போட்டு துக்சிரின்னு ஒண்ணு வச்சிருக்காவ. என்ன வேருன்னு நெனைக்க? நன்னாரி! நம்மூருல சர்பத்துக் கடைக்காரன் எலுமிச்சை புழிஞ்சு ஊத்துதானே, அதே நன்னாரி. சளி, வயித்துக் கோளாறுன்னா அங்கன வீட்டுப் பெரியவுக ஒரு மூடி எடுத்துக் குடுக்குத வழக்கம் உண்டு. ஒனக்கு அது தெரியல, ஆனா ஏதோ ஒரு நாட்டு எல்டர்பிளவருக்கு ஆன்லைன்ல ஆர்டர் போட்டிருக்க.

அடுத்த மாசம் ஆபீஸ்ல கோவாவுக்குக் கூட்டிட்டுப் போறாவன்னு சொன்னல்லா? துக்சிரி ஒரு பாட்டில் வாங்கியா. சட்டம் அனுமதிக்குத அளவுக்குள்ள, ரசீதோட. ஒங்க அத்தைக்கு மழை பேஞ்சா முட்டி வலிக்குதாம், நன்னாரி வேரு நல்லதுன்னு நானே அவகிட்டச் சொல்லிக்கிடுதேன். லேபிளை மட்டும் வர்ற வழியிலயே கிழிச்சுரு.